ஒரே டிஸ்க்கைப் பிரிப்பதா, தனி எஸ்எஸ்டி போடுவதா?

கணக்குக்கு டேலி வேண்டும், அதனால் விண்டோஸை விட முடியாது. மற்ற வேலை முழுக்க எனக்கு லினக்ஸ் மின்ட் என்கிற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம்தான். இரண்டும் ஒரே கணினியில் வேண்டும் என்றால் முதலில் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸைத்தான் சொல்வார்கள். பழகிப் பார்க்க அது நல்லது, ஆனால் 8 ஜிபி ரேமை இரண்டு சிஸ்டமும் பங்கு போட்டால் இரண்டுமே திணறும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் மட்டும் போதும் என்கிற புரோகிராமருக்கு விண்டோஸிலேயே வரும் லினக்ஸ் வசதியான டபிள்யூஎஸ்எல் 2 இருக்கிறது, அவர் டூயல் பூட் (கணினியைப் போடும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறை) பக்கமே வர வேண்டாம்.

மற்றவர்களுக்கு இரண்டு வழி. இருக்கிற டிஸ்க்கைப் பிரித்து லினக்ஸுக்கு இடம் கொடுப்பது ஒன்று, லினக்ஸுக்கென்று தனி எஸ்எஸ்டி வாங்கிப் போடுவது இன்னொன்று. நான் தனி எஸ்எஸ்டிதான் போட்டேன், கேட்கிறவர்களுக்கும் அதையேதான் சொல்கிறேன்.

பிரிப்பதில் செலவில்லை. இன்ஸ்டாலரே 'விண்டோஸுக்குப் பக்கத்தில் போடட்டுமா' என்று கேட்டு வேலையை முடித்துவிடும். வேகத்திலும் பெரிய வித்தியாசம் தெரியாது. போடும் நாளை மட்டும் பார்த்தால் இதுவே சுலபம்.

ஆனால் அதற்கப்புறம் வருடக்கணக்கில் பராமரிக்க வேண்டுமே, அங்கேதான் தனி டிஸ்க் ஜெயிக்கிறது. ஒரே டிஸ்க் என்றால் விண்டோஸ் தனக்காகப் போட்டு வைத்திருக்கும் சின்ன இஎஃப்ஐ பார்ட்டிஷனில்தான் (கணினி எழும்போது முதலில் படிக்கும் பகுதி), பெரும்பாலும் அது 100 எம்பிதான் இருக்கும், லினக்ஸை எழுப்பும் பூட்லோடரான கிரப்பும் போய் உட்காரும். விண்டோஸைத் திரும்பப் போட்டால் பூட் வரிசையில் அது முன்னால் வந்துவிடும், லினக்ஸ் காணாமல் போனது போல் தெரியும். லினக்ஸே வேண்டாமென்று பார்ட்டிஷனை அழித்தால் கிரப்பின் மிச்சம் அங்கேயே இருக்கும், அடுத்த முறை கணினியைப் போட்டால் கறுப்புத் திரையில் கிரப் என்று மட்டும் எழுதி நிற்கும். இடம் பற்றாமல் லினக்ஸைப் பெரிதாக்கலாம் என்றாலோ, காலி இடம் விண்டோஸ் பக்கம், அதாவது முன்னால் இருக்கும். லைவ் யூஎஸ்பியில் (லினக்ஸை நேரடியாக ஓட்டும் பென் டிரைவ்) ஏறி, பார்ட்டிஷன் மொத்தத்தையும் நகர்த்தி, மின்சாரம் போய்விடக் கூடாதே என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

தனி டிஸ்க்கில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. ஒன்றை ஃபார்மட் செய்தால் மற்றது அப்படியே இருக்கும். டிஸ்க் பழுதானாலும் ஒரு சிஸ்டம் மிஞ்சும். லினக்ஸ் எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் பெரும்பாலும் அப்படியே எழுந்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். இரண்டாவது டிஸ்க்கைத்தான் தேர்ந்தெடுத்தோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தாலும், மின்ட்டுக்கு அடிப்படையான உபுண்டுவின் பழைய இன்ஸ்டாலருக்கு பூட்லோடரைக் கொண்டுபோய் முதல் டிஸ்க்கில் போடும் பழக்கம் உள்ளது. அதனால் லினக்ஸ் போடும்போது விண்டோஸ் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் பயாஸில் (மதர்போர்டின் செட்டிங் திரை) அணைத்துவிடுங்கள். முடிந்ததும் மாட்டிக்கொண்டு, கணினியைப் போட்டவுடன் எஃப்12-ஐ அழுத்தி, எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். சில கணினிகளில் எஃப்8, சிலவற்றில் எஃப்9.

தனி டிஸ்க்கும் எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றாது. 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு செக்யூர் பூட் (நம்பகமான பூட்லோடரை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு) போட்டிருந்த பல கணினிகளில் லினக்ஸ் எழவில்லை. அந்த மாற்றம் மதர்போர்டின் நினைவகத்தில் எழுதப்பட்டதால் எத்தனை டிஸ்க் இருந்தும் பயனில்லை. கடிகாரமும் ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டும்: விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதி வைக்கிறது, லினக்ஸ் அதை யூடிசி, அதாவது உலகப் பொது நேரம், என்று படிக்கிறது. லினக்ஸில் ஒரு செட்டிங் மாற்றினால் சரி. விண்டோஸை முழுதாக அணையவிடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைப்பதும், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியை முதலிலேயே எழுதி வைப்பதும் இரண்டு வழிக்கும் பொது.

நான் வைத்திருப்பது டெஸ்க்டாப். யூஎஸ்பியில் மாட்டும் எஸ்எஸ்டியில் லினக்ஸை நீண்ட நாள் ஓட்டியதில்லை, கொஞ்ச நேரம் பார்த்த வரையில் நன்றாகத்தான் ஓடியது. லேப்டாப் என்றால் வாங்குவதற்கு முன் சின்ன எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 ஸ்லாட் இரண்டாவதாக ஒன்று உண்டா, பழைய மாடலில் 2.5 இன்ச் டிஸ்க்குக்கு இடம் உண்டா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் பிரிப்பதுதான் வழி. அப்போது மின்ட் கேட்கும் குறைந்தபட்ச 20 ஜிபியோடு நிற்காமல், அவர்கள் பரிந்துரைக்கும் 100 ஜிபியை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.