உணவுத் திருவிழா போஸ்டர் பார்த்தால், கார்டில் பணம் ஏற்றும் முன் இதைப் படியுங்கள்

நேற்று மீனாட்சிபுரம் போகிற வழியில் ஒரு சுவரில் புதுப் போஸ்டர் ஒட்டியிருந்தது. உணவும் இசையும், குடும்பத்தோடு வாங்க என்று. பெயர் வேறு, நிறம் வேறு, கீழே இருந்த போன் நம்பர் மட்டும் பழையது. டிசம்பர் லீவில் எல்லை தாண்டிக் கேரளப் பக்கம் உணவுத் திருவிழா என்று நடத்தி எங்களை ஏமாற்றியவர்களின் நம்பர். வண்டியை ஓரம் கட்டி, என் போனில் இருந்த பழைய டிக்கெட்டை எடுத்து இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் நடத்தியவர்களின் பெயரை இப்போது போடவில்லை. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம், பொள்ளாச்சிப் பக்கத்து ஆட்கள் தயவு செய்து முழுக்கப் படியுங்கள்.

நாங்கள் போனதற்கு முக்கியக் காரணம் அம்மா. 71 வயது, முழங்கால் வலி, வெளியே எங்கேயும் வர மாட்டார். பிறந்த ஊர் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளி. போஸ்டரில் இரண்டு விஷயம் அவர் கண்ணில் பட்டது. ஒன்று, எலப்புள்ளிக்குப் பக்கத்து ஊரான ராமசேரியின் இட்லி. இன்னொன்று, எம்.எஸ்.விஸ்வநாதன் பாட்டுகள் மட்டுமே பாடும் மெல்லிசைக் கச்சேரி. எம்.எஸ்.வி. 1928இல் பிறந்தது எலப்புள்ளியில்தான். அம்மாவுக்கு அது சொந்த வீட்டுப் பெருமை மாதிரி. "நானும் வர்றேன்டா" என்று அவரே கேட்டார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

டிக்கெட் பெரியவர்களுக்கு 300, சின்னவர்களுக்கு 200. நான், மனைவி, அம்மா, மகள், மகன் என்று ஐந்து பேருக்கு 1,300 ரூபாய் ஆன்லைனில் கட்டினேன். போஸ்டரில் 'பார்க்கிங் இலவசம்' என்று இருந்தது. வாசலில் 100 ரூபாய் கேட்டார்கள். பின்னால் வரிசையாக வண்டிகள் ஹாரன் அடிக்க, கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

பையில் இருந்த தண்ணீர் பாட்டில்களை நுழைவில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மகனின் ஸ்கூல் பாட்டிலைக்கூட விடவில்லை. உள்ளே கடையில் 20 ரூபாய் விலை அச்சடித்த பாட்டில் 40. கேட்டால் "திருவிழா ரேட்" என்றார்கள். அச்சடித்த விலைக்கு மேல் விற்க, மேஜை நாற்காலி போட்டுப் பரிமாறுகிற ஓட்டல்களுக்கு நீதிமன்றத்தில் தனி விதிவிலக்கு கிடைத்திருக்கிறது என்பது எனக்கும் தெரியும். ஆனால் புழுதியில் நின்றுகொண்டு நாமே கையை நீட்டி வாங்குகிற பாட்டிலுக்கு அந்த நியாயம் எப்படிப் பொருந்தும்?

அப்புறம்தான் கார்டு. எந்தக் கடையிலும் காசு வாங்க மாட்டார்கள், ஜிபே கிடையாது. "சேட்டா, கேஷ் எடுக்கில்லா, கார்டு மாத்ரம்" என்று ஒரே பதில். கவுண்டரில் போய் பிளாஸ்டிக் கார்டு வாங்க வேண்டும். கார்டுக்கு 50 ரூபாய் டெபாசிட், திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும் என்றார்கள். பணம் ஏற்றுவது 500, 1,000, 1,500 என்று ஐந்நூறின் மடங்கில் மட்டும். மீதி இருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "போகும்போது இங்கேயே கொடுங்க, திருப்பித் தருவோம்" என்று கவுண்டரில் இருந்த பையன் தெளிவாகத் தமிழில் சொன்னான். அதை நம்பி 1,500 ஏற்றினேன். ரசீது கேட்டதற்கு, மெஷினில் பேப்பர் தீர்ந்துவிட்டது என்றான். நான் செய்த தப்பு அங்கேதான். அப்போதே அவன் சொன்னதை எழுதி வாங்கியிருக்க வேண்டும், குறைந்தது போனில் பதிவு செய்தாவது வைத்திருக்க வேண்டும்.

உள்ளே 30 கடை என்றார்கள், மகள் எண்ணிப் பார்த்து 13 என்றாள். தார்ப்பாய் கட்டிய வெறும் பந்தல்கள்தான் அதிகம். மார்கழியில் நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிழக்கிலிருந்து சுழற்றி அடிக்கிற அந்தக் காற்றுக்கு ஒரு மறைப்பும் இல்லை. உழுது போட்ட நிலம், தண்ணீர் தெளிக்காத மண். திறந்து வைத்த சட்டி, தட்டு எல்லாவற்றிலும் புழுதி. பிரியாணியை வாயில் வைத்ததும் மகன் பல்லில் மண் நறநறத்தது. பாதிக்கு மேல் அப்படியே குப்பைக்குப் போனது.

ராமசேரி இட்லி என்று பெரிய போர்டு. ஒரு தட்டு 120 ரூபாய், மூன்று இட்லி. இரண்டு தட்டு வாங்கினேன். அம்மா இட்லியைப் பிய்க்கவில்லை. திருப்பினார். அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"துணித் தடமே காணோமேடா கண்ணு."

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ராமசேரி இட்லிக்குக் குழித்தட்டு கிடையாது. மண்பானை வாயில் கயிற்றால் வலை மாதிரிக் கட்டி, அதன்மேல் துணி விரித்து மாவை ஊற்றி, மூடி வேக வைப்பார்கள். பார்க்கச் சின்ன தோசை மாதிரி தட்டையாக, ஓரம் மெலிந்து இருக்கும். அடியில் துணியின் நெசவு அப்படியே பதிந்திருக்கும். அம்மா சின்ன வயதில், தாத்தா வாழை இலையில் கட்டிக் கொண்டுவருவாராம். இலையைப் பிரித்ததும் அந்த நெசவுக் கோட்டைத்தான் முதலில் பார்ப்பாராம். எங்கள் தட்டில் இருந்தது நடுவில் உப்பி, அடியில் குழித்தட்டின் துளை அச்சோடு இருந்த சாதாரண இட்லி. அது மோசமான இட்லி என்று நான் சொல்லவில்லை. அதை அந்தப் பெயரில் விற்றதுதான் தப்பு. தலைமுறை தலைமுறையாக அந்த ஊரில் அடுப்பு முன்னால் நிற்கிற சில குடும்பங்களின் உழைப்பு அந்தப் பெயர்.

கடைக்காரரிடம் கேட்டேன். மறைக்காமல் சொல்லிவிட்டார்: "அண்ணா, நான் உடுமலைப்பேட்டைக்காரன். இட்லிக் கடை போடுறியான்னு கேட்டாங்க, சரின்னேன். போர்டு அவங்க வெச்சது." பக்கத்தில் ஐஸ் விற்ற அக்காவும் சேர்ந்துகொண்டார். கடைக்கு முன்பணம் கட்டியிருக்கிறார்களாம். விற்கிற காசெல்லாம் கார்டு வழியாக நடத்துகிறவர்களுக்கே போகிறது, கணக்கை அப்புறம் முடிப்போம் என்று சொல்லியிருக்கிறார்களாம். அந்த அக்காதான் அம்மா உட்காருவதற்குத் தன் சோடா கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டுக் கொடுத்தார். மேடை முன்னால் இருந்த நாற்காலிகளைக் கயிறு கட்டி மறித்து, உட்கார ஆளுக்கு 200 ரூபாய் தனியாகக் கேட்டார்கள். கடைக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

கச்சேரியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆர்கெஸ்ட்ரா வரவில்லை. இரண்டு பேர் லேப்டாப்பில் கரோக்கி போட்டுப் புதுப் பாட்டுகளாகப் பாடினார்கள். அம்மா எட்டு மணி வரைக்கும் அந்தக் கிரேட்டில் உட்கார்ந்து, "எம்.எஸ்.வி. பாட்டு இனிமேத்தான் இருக்கும்" என்று மகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

எட்டரைக்குக் கிளம்பினோம். கார்டில் செலவானது இட்லி 240, பிரியாணி 280, தண்ணீர் நாலு பாட்டில் 160, ஐஸ் இரண்டு 160, ஆக 840. மீதி 660, டெபாசிட் 50. கவுண்டரில் ஆள் இல்லை. மேடையில் இன்னும் பாட்டு ஓடுகிறது, கவுண்டர் ஷட்டர் இறங்கிவிட்டது. எங்களைப் போலவே கார்டைக் கையில் வைத்துக்கொண்டு முப்பது நாற்பது பேர் நின்றார்கள். ஒரு ஆள் வந்து கார்டின் பின்பக்கத்தைக் காட்டினான். எறும்பு மாதிரி இங்கிலீஷ் எழுத்தில், அன்று மட்டுமே செல்லும், மீதிப் பணம் திரும்பாது என்று இருந்தது. கூப்பிடும்போது தமிழ், கழற்றிவிடும்போது இங்கிலீஷ்! தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த எத்தனை பேர் அன்று அந்த மைதானத்தில் இருந்தார்கள்!

மறுநாள் நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்தேன். தமிழிலேயே பேச முடிந்தது. நாலாம் நாள் நடத்தியவர்களிடமிருந்து போன் வந்தது. புகாரை வாபஸ் வாங்கினால் 660ஐ மட்டும் அனுப்புகிறோம் என்றார்கள். மற்றவர்களுக்கு என்ன என்று கேட்டேன். வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எடுப்பதில்லை.

எல்லைப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். அது கேரளா, நாம் தமிழ்நாடு, எங்கே போய் அலைவது என்று பொள்ளாச்சிக்காரர்கள் அன்று வாசலிலேயே பேசிக்கொண்டார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொள்ளாச்சிக்காரர்களுக்குக் கோயம்புத்தூர் நுகர்வோர் ஆணையம், எங்களுக்குப் பாலக்காடு. கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருஷம் வரை நேரம் இருக்கிறது. பில் கொடுக்காமல் விடுவதே அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிகம் என்ற கணக்கில் வருகிறது. சாப்பாட்டுக் கடை என்றால் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் கண்ணில் படுகிற மாதிரி இருக்க வேண்டும். நான் பார்த்த 13 கடைகளில் இரண்டில்தான் இருந்தது.

புதுப் போஸ்டரைப் பார்த்துப் போகத்தான் போகிறீர்கள் என்றால் கார்டைக் கையில் வாங்கும் முன் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். முதலில் 500க்கு மேல் ஏற்றாதீர்கள். ரசீது வராமல் நகராதீர்கள்.

டிசம்பரில் அங்கே வந்தவர்கள் கார்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். ஒரே மாதிரி பாதிக்கப்பட்டவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து ஒரே புகாராகக் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இதுவரை எங்களோடு ஒன்பது குடும்பங்கள் சேர்ந்திருக்கின்றன. கார்டு இரண்டு பக்கமும், டிக்கெட், பணம் கட்டிய மெசேஜ் மூன்றையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். கார்டு தொலைந்திருந்தாலும் மெசேஜ் இருந்தால் போதும்.