68,000 ரூபா போச்சு: பைக் ஹெட் வேலைக்கு அனுப்பப் போறவை வாசிச்சிட்டு அனுப்புங்கோ

கை இன்னும் நடுங்குது, எழுத்துப் பிழை இருந்தாப் பொறுங்கோ. ஹெட் போர்ட்டிங்குக்கு (எஞ்சினின்ர மேல்பாகமான ஹெட்டில காத்துப் போற வழியைச் சீவித் திருத்திற வேலை) குடுக்க முதல் என்னென்ன பாக்கோணும் எண்டு கடைசியில வடிவாச் சொல்லுறன்.

நான் கிளிநொச்சி. என்ர பல்சர் 150 ஆனையிறவு நேர் ரோட்டில எதிர்க்காத்துக்கு இழுக்கேலாமல் திணறும். கொழும்புப் பக்கத்து ரியூனிங் கராச் ஒண்டின்ர விளம்பரம் போனில கண்டன். ஹெட்டை மட்டும் கழட்டி இரவு பஸ்ஸில போடச் சொன்னாங்கள். 68,000 ரூபா, முழுக்க முதலே. காலபோக நெல் வித்த காசு.

யோசிச்சுக்கொண்டுதான் இருந்தன். அப்ப ஒரு டைனோ (பைக்கின்ர வலுவை அளக்கிற மெசின்) கிராப் அனுப்பினாங்கள். இதே மொடல் பைக்காம், 16.4 குதிரைவலுவாம். "அண்ணை, நாங்கள் வாயால கதைக்கிறேல்ல, மெசின்தான் கதைக்கும்" எண்டான் அந்தப் பொடியன். அதில விழுந்தன். வாயால புழுகிறவனை நம்பமாட்டன். கோடு கீறின பேப்பரை ஆர் சந்தேகப்படுறது?

ஹெட் ஒரு தாளோட வந்துது. மெசினால காத்தை இழுத்து அளந்த ஹெட்டின்ர காத்தோட்டம் முதல் 42 சி.எப்.எம். (நிமிசத்துக்குக் கன அடி), வேலைக்குப் பிறகு 70. பூட்டி ஓடினன். அதே திணறல்.

கோல் எடுத்தன். "ஜெட்டை மாத்துங்கோ" எண்டாங்கள் (காபரேற்றரில பெற்றோல் வாற சின்னத் துளைதான் ஜெட்), மாத்தினன். பிறகு "உங்கட ஊர் வெக்கை அண்ணை". பிறகு "500 கிலோமீற்றர் ஓடட்டும்". இப்ப மெசேஜைப் பாத்துப்போட்டுச் சும்மா இருக்கிறாங்கள்.

எங்கட வீட்டில அறை எடுத்து நிக்கிற பொடியன் அறிவியல்நகர் பொறியியல் பீடத்தில படிக்கிறான். நேற்றிரவு அந்தத் தாளை வாங்கிப் பாத்தான். மூலையில எறும்பு மாதிரி எழுத்து: 42 எடுத்தது 10 அங்குலத் தண்ணி அழுத்தத்தில (மெசின் காத்தை இழுக்கிற அழுத்தத்தின்ர அளவு), 70 எடுத்தது 28 அங்குலத்தில. அழுத்தத்தைக் கூட்டினா, கை வைக்காத ஹெட்டிலயும் காத்துக் கூடத்தான் போகுமாம். எத்தினை மடங்கு கூடும் எண்டது ரெண்டு அழுத்தத்தின்ர விகிதத்தின்ர வர்க்கமூலம். 28 ஐ 10 ஆல பிரிச்சா 2.8, அதின்ர வர்க்கமூலம் 1.67. அதை 42 ஆல பெருக்கினான்: 70. நானும் போனில அடிச்சுப் பாத்தன். அதே 70. அப்ப என்ர 68,000 க்கு அவங்கள் செய்தது மெசின்ர இழுவையைக் கூட்டினது. போர்ட்டுக்குள்ள கொஞ்சம் மினுக்கியும் விட்டிருக்கிறாங்கள், பாவம்.

கிராப் இன்னும் மோசம். நிமிசத்துக்கு 8,500 சுற்றில 16.4 குதிரைவலு, அதே சுற்றில முறுக்குவிசை 11 நியூட்டன் மீற்றர். சுற்றையும் முறுக்குவிசையையும் பெருக்கி 7,121 ஆல பிரிச்சா குதிரைவலு 13.1 தான் வருது. ஒரு கோடு மற்றக் கோட்டைப் பொய்யாக்குது. கொம்பனிக்காரனே இந்த எஞ்சினுக்கு 14, 15 எண்டுதான் சொல்லுறான். டைனோ அளக்கிறது சில்லில. செயினும் கியரும் தின்னது போக மிச்சம்தான் அங்க வரும்.

சரி, சொல்லுறன் எண்டது: முன்னும் பின்னும் ஒரே அழுத்தத்தில அளந்ததோ எண்டு கேளுங்கோ. டைனோ எண்டா உங்கட பைக்கையே, அதே மெசினில, அதே திருத்தக் கணக்கில (வெக்கைக்கும் காத்தழுத்தத்துக்கும் ஏத்தமாதிரி வலுவைத் திருத்திற முறை) போடச் சொல்லுங்கோ, ஒண்டுக்கு எஸ்.ஏ.ஈ., மற்றதுக்கு எஸ்.ரி.டி. எண்டா 4 வீதமளவு சும்மாவே கூடும். முழுக்காசை முதலே குடுக்காதேங்கோ. மிச்சம் எழுத மனம் வரேல்ல.

68,000 ரூபா. மனிசிக்கு நான் சொன்னது 20,000. இதை ஆரும் அவவுக்குக் காட்டிப் போடாதேங்கோ.