காந்தம் தேயவில்லை, மூட்டுதான் தேய்ந்தது: மேக்னடிக் மவுண்ட்டில் வீடியோ எடுத்த அனுபவம்

போனைக் காந்தத்தால் ஒட்டி நிறுத்தும் மேக்னடிக் போன் மவுண்ட் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் முதலில் கேட்பது "போன் விழுந்துடாதா?" என்றுதான். அசையாமல் நிற்கும் மவுண்ட்டில், சரியான கவரோடு ஒட்டினால் விழாது. வருடக்கணக்கில் பயன்படுத்தியதில் காந்தம் என்னை ஒருமுறைகூடக் கைவிடவில்லை. கைவிட்டவை வேறு. போனைத் தாங்கும் மூட்டு, மவுண்ட்டின் முகத்தில் இருக்கும் ரப்பர் பேட், போனுக்குப் போட்டிருக்கும் கவர். வாங்கும்போது யாருமே கவனிக்காதவை இவை. அதனால் இந்த மூன்றைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன்.

நான் எடுப்பது சைக்கிள் ரிப்பேர் வீடியோக்கள். செயின் மாற்றுவது, பிரேக் ஒயர் டைட் செய்வது, வீல் பெண்டு எடுப்பது மாதிரியான வேலைகள். ஆரம்பத்தில் சாதாரண ஸ்பிரிங் கிளாம்ப்தான் வைத்திருந்தேன். பிடிப்பில் அதைக் குறை சொல்ல முடியாது. பிடிக்கிற இடம்தான் தொல்லை. சில போன்களில் சரியாக வால்யூம் பட்டன் மேலேயோ பவர் பட்டன் மேலேயோ போய் உட்காரும். போனைக் குறுக்கே திருப்ப வேண்டுமென்றால் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும், அதற்கு இரண்டு கையும் வேண்டும். கையெல்லாம் கிரீஸ் இருக்கும்போது யாருக்கும் அந்த வேலை பிடிக்காது. "இந்த ஆங்கிளிலும் ஒரு ஷாட் எடுத்தால் நன்றாக இருக்குமே" என்று தோன்றும். அடுத்த நொடியே "பரவாயில்லை, விடு" என்றும் தோன்றிவிடும். புதிதாக வீடியோ எடுக்க வருபவர்களின் வீடியோ முழுவதும் ஒரே ஆங்கிளில் இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம் என்பது என் எண்ணம். அவர்களுக்கு ரசனை இல்லாமல் இல்லை.

காந்த மவுண்ட் இந்தச் சலிப்பைத்தான் போக்குகிறது. போனைக் கொண்டுபோனால் டக்கென்று ஒட்டிக்கொள்ளும், ஒரு கையால் எடுக்கலாம், நெடுக்கிலிருந்து குறுக்குக்கு ஒரே திருப்பு. எனக்கு இதன் முழுப் பயன் கிடைத்தது ஒன்றுக்கு மூன்றாக மவுண்ட் வைத்த பிறகுதான். ஒன்று ட்ரைபாட்டில், ஒன்று வேலை மேசைக்கு மேலே நீளும் கையில், இன்னொன்று பின்சக்கர உயரத்தில் சுவரில். மூன்றும் அதனதன் இடத்திலேயே நிற்கும். போன் மட்டும் இடம் மாறும். இதில் இன்னொரு வசதியும் உண்டு. போன வாரம் எடுத்த ஷாட்டும் இன்று எடுத்த ஷாட்டும் ஒரே உயரம், ஒரே ஆங்கிள். எடிட்டிங்கில் இரண்டையும் ஒட்டும்போது கண்ணுக்கு உறுத்துவதில்லை.

இனி பிடிப்புக் கணக்கு. பெட்டியின் மேல் "என்52 காந்தம்" (நியோடிமியம் காந்தத்தில் வலுவான ஒரு ரகம்), "இத்தனை கிலோ தாங்கும்" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அந்தக் கிலோ, போனை நேராகப் பிய்த்து இழுத்தால் காந்தம் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு. ட்ரைபாட்டில் போன் நிமிர்ந்து நிற்கும்போது அதன் எடை அந்தத் திசையில் இழுப்பதில்லை. காந்தத்தின் முகத்தோடு ஒட்டியபடியே கீழே வழுக்கப் பார்க்கிறது. அங்கே போனை நிறுத்தி வைப்பது உராய்வு. காந்தம் அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது, வழுக்காமல் பார்த்துக்கொள்வது ரப்பர் பேட். ஐபோன் 14 ப்ரோ மேக்ஸ் 240 கிராம். கவரும் மைக் ரிசீவரும் சேர்ந்தால் இன்னும் கூடும். அத்தனையும் அந்த மெல்லிய பேட்டை நம்பித்தான் நிற்கிறது.

அந்தப் பேட் நாளாக நாளாகத் தூசி படிந்து வழவழவென்று ஆகிவிடுகிறது. போன் உடனே விழாது. முதலில் லேசாகத் திரும்பும். குறுக்காக வைத்திருந்தால் லென்ஸ் இருக்கும் பக்கம் கனம் அதிகம் என்பதால் அந்தப் பக்கம் மெல்லச் சாயும், ஃபிரேமில் தரைக்கோடு கோணலாகும். ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் பழைய பிடிப்பு திரும்பி வந்துவிடுகிறது. பட்டறையில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு விஷயம். அரம் போட்டு ராவும்போது பறக்கும் இரும்புத்தூள் நேராக மவுண்ட்டில்தான் போய் உட்காரும். மவுண்ட்டின் காந்த வளைய விளிம்பில் பார்த்தால் பூனையின் முதுகு முடி மாதிரி சிலிர்த்துக்கொண்டு நிற்கும். அதன் மேல் போனை வைத்துத் திருப்பினால் கவரில் வட்டக் கீறல் விழும், கவர் இல்லையென்றால் போனிலேயே விழும். துணியால் துடைத்தால் தூள் சுற்றிச் சுற்றி வருமே தவிரப் போகாது. செல்லோடேப்பை விரலில் சுற்றி ஒற்றி எடுத்தால் சுத்தமாக வந்துவிடும்.

அடுத்தது மூட்டு. இந்த மவுண்ட்களில் இருக்கும் நியோடிமியம் காந்தம் சும்மா இருந்து பலம் குறைவதில்லை. சாதாரண ரகமே சுமார் 80 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், அதற்கு வெகு முன்பே போன் "சூடாகிவிட்டது" என்று நின்றுவிடும். ஆனால் மடக்கி நீட்டும் மூட்டு தினமும் தேய்கிறது. நான் முதலில் வாங்கிய மவுண்ட்டில் காந்தம் இன்றைக்கும் புதிதுபோல் இருக்கிறது, மடிப்பு மூட்டு மட்டும் தளர்ந்துவிட்டது. அதை இறுக்குவதற்கு ஒரு திருகுகூட வைக்கவில்லை, ரிவெட் அடித்து மூடியிருந்தார்கள். இந்தத் தளர்ச்சி எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. நீளமான ஷாட்டை எடிட்டிங்கில் வேகமாக ஓட்டிப் பார்த்தால்தான் மேசையின் விளிம்பு ஃபிரேமில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டிருப்பது தெரியும். போன் தலை கவிழ்ந்துகொண்டே வந்திருக்கிறது என்று அர்த்தம்.

அதனால் இப்போது மவுண்ட்டைக் கையில் எடுத்ததும் முதலில் மூட்டைத்தான் பார்க்கிறேன். இறுக்குகிற திருகோ குமிழோ இருக்க வேண்டும். போன் ஒட்டும் காந்தத் தட்டின் அடியில் ட்ரைபாட்டுக்கான கால் அங்குலத் திருகுத் துளை இருக்க வேண்டும். உலகம் முழுக்க ட்ரைபாட்களுக்குப் பொதுவான அளவு அது. அந்தத் துளை இருந்தால் மூட்டு கெட்டாலும் அந்தத் தட்டை மட்டும் கழற்றி நல்ல பால் ஹெட் (எந்தப் பக்கமும் திரும்பும் உருண்டை மூட்டு) ஒன்றில் மாட்டிக்கொள்ளலாம். மவுண்ட்டில் போனை ஒட்டி, ரெக்கார்ட் பட்டனைத் தட்டிப் பாருங்கள். எவ்வளவு நேரம் ஆடி நிற்கிறது என்பதிலேயே மூட்டின் தரம் தெரிந்துவிடும். எந்த மவுண்ட்டிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும் என்பதால், ரெக்கார்டிங்கை வால்யூம் பட்டனாக வேலை செய்யும் சின்ன ப்ளூடூத் ரிமோட்டில் தொடங்குவது நல்லது.

கவர் விஷயத்தில் குழப்பம் அதிகம். ஆப்பிள் 2020-இல் ஐபோன் 12-இல் போனின் முதுகுக்குள் மேக்சேஃப் என்ற காந்த வளையத்தைக் கொண்டுவந்தது. அதையே அடிப்படையாக வைத்து கியூஐ2 (Qi2) என்ற வயர்லெஸ் சார்ஜிங் தரம் 2023-இல் வந்தது. ஆண்ட்ராய்டில் 2025-இல் வந்த பிக்சல் 10 வரிசையில் வளையம் போனுக்குள்ளேயே இருக்கிறது. அதே ஆண்டின் கேலக்ஸி எஸ்25 வரிசையில் போனுக்குள் காந்தம் கிடையாது, காந்தம் பதித்த கவர் போட வேண்டும். ஐபோனிலும் 16இ மாடலில் வளையம் இல்லை. பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், உங்கள் மாடலில் வளையம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வளையம் உள்ள போனாக இருந்தாலும், காந்தம் இல்லாத தடித்த கவர் போட்டால் பிடிப்பு பாதாளத்துக்குப் போய்விடும். காந்த விசை இடைவெளி கூடக்கூடச் சடசடவென்று குறையக்கூடியது. ஒன்றிரண்டு மில்லிமீட்டரே போதும். ஒட்டும் இரும்பு வளையம் வாங்குபவர்கள் அதை வழவழப்பான கெட்டிப் பிளாஸ்டிக் கவரில் ஒட்டுங்கள். சிலிகான் கவரில் பசை நிற்காது. ஒட்டும் முன் ஆல்கஹாலால் துடைத்து, ஒட்டிய பின் ஒரு நாள் அப்படியே விட்டால் பசை நன்றாகப் பிடிக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் காந்தத்துக்கு ஒன்றும் ஆகாது, இந்தப் பசைதான் முதலில் இளகும்.

ஃபிரேமில் மவுண்ட்டே தெரிவது, வாங்கும் வரை யாரும் சொல்லாத இன்னொரு சங்கதி. மவுண்ட் ஒட்டுவது போனின் முதுகில், பின்கேமரா பார்ப்பதும் அதே பக்கம். ஆக, நீங்கள் படமெடுக்கும் பொருளுக்கும் போனுக்கும் நடுவில்தான் ட்ரைபாட் தலை நிற்கிறது. 1x லென்ஸில் தெரியாது. 0.5x அல்ட்ரா வைடுக்குப் போனால் தடித்த தட்டின் ஓரமோ பால் ஹெட்டின் தலையோ மூலையில் எட்டிப் பார்க்கும். மெல்லிய தட்டாக வாங்கினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். மேலிருந்து கீழே பார்க்கும் டாப் ஆங்கிளிலும் இதே கணக்குதான். பின்கேமராவில் எடுத்தால் போன் மவுண்ட்டின் மேல் படுத்திருக்கும், எடையே அதை அமுக்கிப் பிடிக்கும். விழுமோ என்று எல்லோரும் பயப்படும் டாப் ஆங்கிள்தான் காந்தத்துக்கு மிகவும் சுலபமான வேலை. ஆனால் தாங்கும் கை ஃபிரேமுக்குள் வராதபடி போனின் லென்ஸ் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். முன்கேமராவில் எடுத்தால்தான் போன் தலைகீழாகத் தொங்கும். அப்போதும் காந்தம் தாங்கும். விளிம்பில் கை பட்டு நெம்பினால் மட்டும் சட்டென்று பெயர்ந்து வரும், ஆகவே கீழே வேலை செய்யும் கைக்குத் தாராளமாக இடம் விடுங்கள்.

காந்தம் கேமராவைக் கெடுக்குமா? லென்ஸை நகர்த்தி நடுக்கத்தைச் சரிசெய்யும் ஆப்டிகல் ஸ்டெபிலைசேஷன், லென்ஸ் எங்கே நிற்கிறது என்பதைக் காந்தப்புலத்தை வைத்து உணர்கிறது. அதனால் கேமராவுக்கு அருகில் காந்தம் வந்தால் அது பாதிக்கப்படலாம் என்று ஆப்பிளே சொல்லியிருக்கிறது. போனின் நடுவில் உட்காரும் வளைய மவுண்ட்டில் எனக்குத் தொல்லை வந்ததில்லை. லென்ஸுக்குப் பக்கத்தில் பில்லைக் காந்தத்தை ஒட்டுபவர்கள்தான் கவனிக்க வேண்டும். படம் ஜெல்லி மாதிரி நெளிந்தாலோ ஃபோகஸ் நிற்காமல் அலைந்தாலோ, காந்தத்தை எடுத்துவிட்டு அதே ஷாட்டை மறுபடி எடுத்துப் பாருங்கள். காரணம் அதுதானா என்று உடனே தெரிந்துவிடும். போனின் திசைகாட்டி மட்டும் மவுண்ட்டில் இருக்கும்வரை தப்பாகக் காட்டும். காந்தப் பட்டை உள்ள கார்டுகளைப் பக்கத்தில் வைக்காதீர்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்தப் பொருட்களை 15 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளியே வைக்க வேண்டும், வயர்லெஸ் சார்ஜிங் ஓடும்போது 30 சென்டிமீட்டருக்கு மேல்.

சார்ஜ் ஏற்றும் மவுண்ட்டை வீடியோவுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 4கே ரெக்கார்டிங்கே போனைச் சூடாக்கும், அதோடு வயர்லெஸ் சார்ஜிங்கும் முதுகில் சூடு ஏற்றினால் திரை மங்கும், சார்ஜும் நின்றுவிடும். காந்த மவுண்ட்டில் போர்ட் திறந்தே இருக்கிறது, பவர் பேங்கிலிருந்து ஒயர் போட்டுக்கொள்வதே மேல். ஒயரை மட்டும் ட்ரைபாட் காலில் ஒருமுறை கட்டிவிடுங்கள். தொங்கும் ஒயரில் கால் தடுக்கினால் அந்த இழுப்பு நேராகப் போனைப் பெயர்த்துவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் போன் நின்ற இடத்தில் நிற்கும் வேலைக்கு. போன் நகரும் வேலைக்கு வெறும் காந்தத்தை நான் நம்புவதில்லை. ஜிம்பலில் (நடுக்கம் தெரியாமல் போனைத் தாங்கும் மோட்டார் கைப்பிடி) காந்தப் பிடிப்பு 2020-இல் வந்த டிஜேஐ ஓஎம் 4-லேயே உண்டு. அதன் கிளாம்ப் போனின் பக்கங்களைப் பிடிக்கும், கிளாம்ப்பையும் ஜிம்பலையும்தான் காந்தம் சேர்க்கும். நிதானமாக நடக்க அது போதும், ஓட்டத்துக்கும் படியிறங்குவதற்கும் நான் கிளாம்ப்பை முழுதாக இறுக்கும் ஜிம்பலையே எடுப்பேன். ஓடும் சைக்கிளில் ஹேண்டில்பாரில் மாட்ட வேண்டுமென்றால் பூட்டு உள்ளதாக இருக்க வேண்டும். பீக் டிசைனின் ஸ்லிம்லிங்க் அமைப்பில் காந்தம் போனை இடத்துக்கு இழுத்துக் கொடுக்கும், பூட்டுவது ஒரு கொக்கி. அப்படியே நகர்த்தினாலும் இழுத்தாலும் வராது, பட்டனை அமுக்கினால்தான் வரும். மோட்டார் சைக்கிளுக்கு இதுகூடப் பதில் இல்லை. சக்திவாய்ந்த என்ஜினின் அதிர்வு தொடர்ந்து பட்டால் கேமராவின் ஸ்டெபிலைசேஷனும் ஆட்டோஃபோகஸும் கெடலாம் என்று ஆப்பிள் 2021-இல் எச்சரித்திருக்கிறது. மவுண்ட் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு அதிர்வும் போனுக்குள் போகும். அந்த வேலைக்கு ஆக்‌ஷன் கேமராவை மாட்டுங்கள், வீடியோ எடுக்க நம்பியிருக்கும் போனை மாட்ட வேண்டாம்.