ஒரகடத்துக்கு டீசல், கிண்டிக்கு பெட்ரோல்: இரண்டு பழைய கார்களும் ஒரு நோட்டும்

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. மகள் பாதியில் விட்ட கணக்கு நோட்டு. முதல் ஆறு பக்கம் வாய்ப்பாடு, ஏழாவது பக்கத்திலிருந்து டீசல். 2016-ல் முதல் செகண்ட் ஹேண்ட் காரை வாங்கிய நாளிலிருந்து, டேங்க் நிரப்பும்போதெல்லாம் தேதி, லிட்டர், மீட்டர் ரீடிங் மூன்றையும் அதில் எழுதி வருகிறேன். "பழைய கார் வாங்கணும், பெட்ரோல் நல்லதா டீசல் நல்லதா?" என்று கேட்பவர்களுக்கு முன்பெல்லாம் உடனே பதில் சொல்லிவிடுவேன். பிறகு ஒருநாள் உட்கார்ந்து நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். அதுவரை சொன்னதில் பாதி தப்பு.

முதல் வண்டி 2012 மாடல் ஸ்விஃப்ட் டீசல். செகண்ட் ஓனராக நான் வாங்கியபோது மீட்டரில் 68,000. விலை 4.40 லட்சம். அதே வருடத்துப் பெட்ரோல் ஸ்விஃப்ட் 3.80-க்குக் கிடைத்தது. 60,000 கூடக் கொடுத்து டீசலை எடுத்ததற்குக் காரணம், என் மண்டை 2012-லேயே நின்றுபோயிருந்ததுதான். 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை அரசு எடுத்துவிட்டது. டீசலுக்கு மானியம் தொடர்ந்தது. அதனால் 2012-ல் இரண்டுக்கும் லிட்டருக்கு 25 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். அந்த வருடம் ஊரே டீசல் வாங்கியது. 2014 அக்டோபரில் டீசலுக்கும் கட்டுப்பாடு போய், நான் வாங்கிய சமயத்தில் அந்த இடைவெளி ஒற்றை இலக்கத்துக்கு வந்திருந்தது. பங்க் போர்டில் அது எழுதித்தான் இருந்தது. நான்தான் படிக்கவில்லை.

ஆனால் வண்டியைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் என்ஜின் அது. மாருதி, டாடா, ஃபியட் என்று பல வண்டிகளில் அதே என்ஜின் இருந்ததால் 'தேசிய என்ஜின்' என்றே கிண்டலாகச் சொல்வார்கள். 2000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே தூங்கும். தாண்டினால் யாரோ பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி கிளம்பும். அப்போது எனக்கு ஒரகடத்தில் வேலை. மேற்கு தாம்பரத்திலிருந்து முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை வழியாக ஒரு பக்கம் சுமார் 25 கிலோமீட்டர். காலை ஆறரைக்குக் கிளம்பினால் மண்ணிவாக்கம் தாண்டியதும் நான்காவது கியர். அப்புறம் ஒரகடம் வரை பெரிதாகக் கை வைக்க வேண்டாம். நான்கு வருடத்தில் 62,000 கிலோமீட்டர் ஓட்டினேன். நோட்டுக் கணக்கில் சராசரி மைலேஜ் 19.5. திருநெல்வேலி போகும்போது நாலு பேர், ஏசி, டிக்கி நிறைய சாமான் என்று இருந்தாலும் 21, 22 வரும். தாம்பரத்தில் டேங்க் நிரப்பினால் மாமனார் வீட்டு வாசல்வரை பங்க் பக்கம் திரும்ப வேண்டாம்.

இப்போது அந்த நான்கு வருடக் கணக்கு. பெட்ரோல் வண்டியாக இருந்திருந்தால் அதே ரோட்டில் 16.5 கொடுத்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். (என்னோடு வேலை பார்த்தவர் பெட்ரோல் ஸ்விஃப்ட் வைத்திருந்தார். அவர் சொன்னது 17. அரை கழித்துக்கொண்டேன், மைலேஜ் சொல்லும்போது எல்லோரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வோம்.) அந்தக் காலத்து விலையைச் சராசரியாகப் போட்டால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் மிச்சம். 62,000 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 60,000 ரூபாய். வாங்கும்போது கூடுதலாகக் கொடுத்ததும் 60,000. சர்வீஸுக்கு டீசல் ஃபில்டர், ஆயில் என்று ஒவ்வொரு முறையும் இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு கூடுதல். ஆறு சர்வீஸுக்கு 15,000. விற்கும்போது பெட்ரோலைவிட ஒரு 40,000 அதிகம் கிடைத்தது. கூட்டிக் கழித்தால் 25,000 ரூபாய் லாபம். மாதத்துக்கு ஐந்நூறு சொச்சம். நான்கு வருடம் ஆபீஸ் கேன்டீனில் நான் அடித்த பெருமைக்கு இதுதான் கூலி.

அதுவும் தங்கவில்லை. 2020-ல் ஊரடங்கு, வண்டி இரண்டு மாதம் வீட்டுக்குக் கீழே நின்றது. 2021-ல் வேலை மாறி கிண்டிக்கு வந்தேன். வாரத்தில் மூன்று நாள்தான் ஆபீஸ், ஒரு பக்கம் 17 கிலோமீட்டர். கேட்டால் டீசலுக்கு ஏற்ற தூரம் மாதிரிதான் இருக்கும். ஆனால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று ஜி.எஸ்.டி. ரோட்டில் காலை ஒன்பது மணிக்கு அது முதல் கியர், இரண்டாம் கியர், பிரேக். மீதி நாட்களில் பள்ளிக்கூடம் 3 கிலோமீட்டர், மார்க்கெட் 2 கிலோமீட்டர். டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வருவதற்குள் வண்டியை ஆஃப் செய்துவிடுவேன்.

ஏழெட்டு மாதத்தில் பிக்கப் செத்தது. பல்லாவரம் மேம்பாலம் ஏறும்போது பின்னால் வருகிற பைக்காரர் முகத்தை மூடிக்கொள்கிற அளவுக்குக் கரும்புகை. இரும்புலியூர் பக்கம் எனக்கு வழக்கமான மெக்கானிக் ஷெட்டில் விட்டேன். அவர் இ.ஜி.ஆர். வால்வைக் கழற்றித் தரையில் விரித்த பேப்பரில் வைத்தார். அதன் ஓட்டையைப் பார்த்தேன். அதில் சுண்டுவிரல் நுழைகிற அளவுதான் வழி மிச்சம். மற்றதெல்லாம் அல்வா மாதிரி கருப்புப் பிசின். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார். தட்டியபோது கட்டியாக விழுந்தது, தேநீர் டம்ளரில் முக்கால் இருக்கும்.

"வண்டியில ஏதாவது பிரச்சனையாண்ணே?" என்றேன்.

"ஒரகடம் ஓடுற வரைக்கும் நல்லாத்தானே சார் இருந்துச்சு? ஸ்கூலுக்கும் மார்க்கெட்டுக்கும் ஓட்டுனா அடைக்கத்தான் செய்யும்" என்றார்.

அவர் விளக்கியதன் சாரம் இது. என்ஜின் விட்ட புகையில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே அனுப்புவது இ.ஜி.ஆரின் வேலை. டீசல் என்ஜின் மெதுவாகத்தான் சூடேறும். சூடேறாத என்ஜின் கரியை அதிகம் தள்ளும். அந்தக் கரி, ஆயில் ஆவியோடு சேர்ந்து உள்ளே வருகிற வழியெல்லாம் படியும். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஒரே வேகத்தில் ஓடினால் இவ்வளவு சேராது. ஆக, வியாதி என் ஓட்டத்தில்.

சுத்தம் செய்ய 4,000. அதோடு நிற்கவில்லை. இரண்டு இன்ஜெக்டர் 27,000. கிளட்ச் செட், கூலியோடு 15,000. பேட்டரி 6,000. பதினான்கு மாதத்தில் மொத்தம் 52,000. கிளட்சும் பேட்டரியும் பெட்ரோல் வண்டியிலும் போகும்தான், ஆனால் இந்த விலைக்குப் போகாது. அதே பதினான்கு மாதத்தில் டீசலால் எனக்கு மிச்சமானது? டிராஃபிக்கில் மைலேஜ் 15.5-க்கு இறங்கியிருந்தது. மாதம் 600 கிலோமீட்டர். தாராளமாகப் போட்டாலும் மாதம் 600 ரூபாய், மொத்தம் 8,400. எறும்பு சேர்த்ததை யானை மிதித்த கதை.

2022-ல் 2.55 லட்சத்துக்கு அதை விற்றுவிட்டு அடுத்த வண்டி தேடினேன். இந்தத் தேடலில் கற்றதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெட்ரோலா டீசலா என்பதைவிட அதிகப் பணம் இங்கேதான் போகும்.

பழைய கார் விற்கும் ஒரு கன்சல்டிங்கில் டீசல் செடான், பளபளவென்று, சந்தை விலைக்கு ஒரு லட்சம் குறைவாக. டிரைவர் சீட் பெல்ட்டை நான் சும்மா இழுத்துக்கொண்டே போனேன். கடைசி ஒரு முழத்தில் பெல்ட்டின் நிறம் மாறியது. நேர்கோடு போட்ட மாதிரி ஒரு செம்மண் விளிம்பு. விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வண்டிகள் மூழ்கிக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். சீட் துணியை மாற்றுவார்கள், கார்பெட்டை மாற்றுவார்கள், பெல்ட்டின் அடிப்பகுதியை யாரும் கழுவுவதில்லை. கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

இன்னொரு இடத்தில் டெல்லிப் பதிவெண் கொண்ட டீசல் வண்டி, பாதி விலை மாதிரி. தலைநகர்ப் பகுதியில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் போட்ட தடையை 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அப்போது அங்கே ஓட்ட முடியாத வண்டிகள் மற்ற மாநிலங்களுக்கு இறங்கின. அதில் நல்ல வண்டியும் இருக்கும்தான். ஆனால் அங்கிருந்து வாங்க வேண்டிய என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), இங்கே மறுபதிவு, சாலை வரி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அந்த மலிவு பாதி கரைந்துவிடும்.

டீசல் செடான்களில் இன்னொரு ஆபத்து டி போர்டிலிருந்து ஓன் போர்டுக்கு, அதாவது டாக்ஸியிலிருந்து சொந்த வண்டியாக, மாற்றியவை. மீட்டர் 70,000 காட்டும். பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டியரிங் மினுமினுவென்று இருந்தால் மீட்டரை நம்பாதீர்கள், பெடலை நம்புங்கள். அப்புறம், பார்க்கப் போகும்போது காலையில், சொல்லாமல் போங்கள். போனதும் முதலில் பானெட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக யாரோ முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். டீசலின் உண்மையான குணம் குளிர்ந்த என்ஜினின் முதல் ஸ்டார்ட்டில்தான் தெரியும்.

கடைசியில் எடுத்தது 2017 வேகன்ஆர் பெட்ரோல். சிங்கிள் ஓனர், 38,000 கிலோமீட்டர், 3.75 லட்சம். மூன்று வருடத்துக்கு மேலாக ஓட்டுகிறேன். இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுதான் இதன் பெருமை. வருடத்துக்கு ஒரு சர்வீஸ், 4,500 ரூபாய் சுற்றி. ஒரு செட் டயர். ஒருமுறை வைப்பர் மோட்டார். ஜி.எஸ்.டி. ரோட்டில் 14.5 கிடைத்தது. 2024 மார்ச்சில் இரண்டு ரூபாய் குறைத்த பிறகு சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய் சொச்சம், டீசல் 92 சொச்சம் என்று இருந்தது. அந்தக் கணக்கில் கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய். பழைய டீசல் ஓடியிருந்தால் ஆறு. ஆக மாதம் 600 ரூபாய் கூடுதலாகச் செலவழிக்கிறேன். மெக்கானிக்கைப் பார்க்காமல் இருக்க அது நியாயமான கட்டணம்.

குறை இல்லாமல் இல்லை. நாலு பேரோடு நெடுஞ்சாலையில் லாரியை முந்த வேண்டுமென்றால் ஏசியை அணைக்கச் சொல்கிறது கை. திருநெல்வேலிக்கு ஒருமுறை இதில் போனோம், 17.5 கொடுத்தது. அதன் பிறகு நெல்லை எக்ஸ்பிரஸ்தான். இன்னொன்று எத்தனால். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளின் குழாய், ரப்பர் எல்லாம் அதற்கேற்றவை; என்னுடையது அதற்கு முந்தியது. நோட்டில் 14.5 இப்போது 13.9 ஆகியிருக்கிறது. டயரும் தேய்ந்திருக்கிறது, வெயிலுக்கு ஏசியும் கூடியிருக்கிறது, அதனால் முழுப் பழியையும் எத்தனால் மேல் போட மாட்டேன். பெட்ரோல் குழாய்களைச் சர்வீஸின்போது பார்க்கச் சொல்லியிருக்கிறேன், இதுவரை கசிவு இல்லை.

"புது டீசல் எடுத்தால் இந்தத் தொல்லை இருக்காதே" என்பவர்களுக்கு என் மச்சான் கதை. வேளச்சேரியில் இருக்கிறார், பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டியைப் பழசாக வாங்கினார். 2020 ஏப்ரலில் அந்த விதி வந்தபோது மாருதி டீசலையே கைவிட்டது. தொடர்ந்தவர்கள் புகைக் கரியைப் பிடிக்க டி.பி.எஃப். என்ற வடிகட்டியை வைத்தார்கள். அதில் சேர்கிற கரி எரிந்து போக வண்டி நன்றாகச் சூடாகி, நிற்காமல் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். மச்சானின் ஆபீஸ் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர். அதனால் நேர்த்திக்கடன் மாதிரி ஞாயிறு காலை மகாபலிபுரம் வரை போய்விட்டு வருகிறார். "டீசலை மிச்சம் பிடிக்கத்தான் மாப்ளே டீசல் வாங்குனேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

என் கணக்கில், தினமும் ஒரே மூச்சில் அரை மணி நேரமாவது நிற்காத ரோட்டில் ஓடுகிறவர், மாதம் 1,500 கிலோமீட்டர் தாண்டுகிறவர், இப்படிப்பட்டவர் பழைய டீசலைத் தைரியமாகப் பார்க்கலாம். தூரம் மட்டும் போதாது, எந்த ரோடு என்பதும் வேண்டும். மற்றவர்கள் பெட்ரோல். சிக்கனம்தான் முக்கியம் என்றால் தாம்பரத்தில் இருப்பவன் கிண்டிக்கு மின்சார ரயிலில் அல்லவா போக வேண்டும் என்று கேட்பீர்கள். மனைவியைப் பல்லாவரத்தில் இறக்கிவிட வேண்டியதில்லாத நாட்களில் ரயிலில்தான் போகிறேன். அந்தச் செலவை நோட்டில் எழுதுவதில்லை. எழுதினால் காரை விற்கத் தோன்றும்.

போன மாதம் ஸ்விஃப்டை வாங்கியவர் போன் செய்தார், இன்சூரன்ஸ் பேப்பர் சம்பந்தமாக ஏதோ கேட்க. காஞ்சிபுரத்துப் பையன், மெடிக்கல் ரெப். வேலூர், ஆரணி, திருவண்ணாமலை என்று தினமும் 120, 150 கிலோமீட்டர் சுற்றுகிறான். மீட்டர் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டதாம். மைலேஜ் 21 என்றான். ஒன்று கழித்துக்கொண்டேன்.

"இ.ஜி.ஆர். ஏதாவது அடைச்சுதாப்பா?" என்று கேட்டேன்.

"அது எங்கண்ணே இருக்கு?" என்றான்.