பினாங்கு லிட்டில் இந்தியா: இறுகிப்போன தோட்டைக் கழற்றிக் கொடுத்த பத்தர் கடை

அம்மாவின் ஏழுகல் தோடு காதை விட்டு இறங்காமலே பதினோரு வருடம் ஆகிறது. கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் நகை எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வரச் சொன்னார்கள், அப்போதுதான் அது அசையவே அசையாது என்று தெரிந்தது. நான், தங்கச்சி, பக்கத்து வீட்டு அக்கா என்று மூன்று பேரும் முறை போட்டுத் திருகியதில் காது சிவந்து வீங்கியதுதான் மிச்சம். மாலில் ஒரு நகைக்கடையில் காட்டினால், வெட்டித்தான் எடுக்கணும், அந்தத் தங்கத்தைப் போட்டுப் புதுசு எடுத்துக்குங்க என்று சிரித்தபடி சொல்கிறார்கள். அம்மா அங்கேயே கண் கலங்கிவிட்டார், அது பாட்டி போட்ட தோடு.

சரி என்று மறுநாள் பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறி, ஜெட்டியிலிருந்து லெபோ பாசாருக்கு நடந்தோம். லெபோ குவீன் மாரியம்மன் கோயில் பக்கம் பத்தர் ஒருவர் இருக்கிறார் என்று பூக்கடை அக்காதான் கை காட்டினார். கடை என்றால் ஒரு மேசை, ஒரு விளக்கு, இரண்டு ஸ்டூல், அவ்வளவுதான்.

பெரியவர் முதலில் தோட்டைத் தொடவே இல்லை. கைக்குட்டையில் ஐஸ் சுற்றிக் கொடுத்து வீக்கம் வற்றட்டும் என்று உட்கார வைத்தார், அப்புறம் திருகாணி ஓரத்தில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். கால் மணி நேரம் கழித்து அம்மாவுக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு, இடது கையால் தோட்டின் முகப்பை அசையாமல் பிடித்துக்கொண்டு, ரப்பர் கையுறையில் வெட்டிய துண்டைத் திருகாணி மேல் வைத்து மெதுவாக ஒரு திருப்பு. கட்டிக் கிடந்த சோப்பும் பவுடரும் கறுப்பாக உதிர, ஆணி கழன்று வந்தது. “திருகோட மல்லுக்கட்டாதீங்க கண்ணு, முகப்பைப் புடிங்க. அது கூடவே சுத்துனா விடிய விடிய திருகினாலும் கழறாது” என்றார். பின்னாலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் திருப்பணுமாம். நாங்கள் முன்னால் நின்று, காதைத் தடவித் தடவி, இரண்டு நாளாக அதை இறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறோம்!

நான் சும்மா இருப்பேனா, என் தோட்டு டப்பாவையும் அவர் முன்னால் கொட்டினேன், ஒவ்வொன்றாக விளக்கினார். பழைய தோட்டில் தண்டு குழாய் மாதிரி, ஆணி அதற்குள்ளே போய் முறுக்கும், அதனால் காதில் துளை பெரிசாக வேணும். பாம்பே திருகில் தண்டு மெலிசு, மரை வெளியே இருக்கும், அதன் மேல்தான் திருகு ஏறும். எதுவானாலும் முதல் சுற்று நேராக உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டு இறுக்கணும், கோணலாக ஏற்றினால் மரை தேய்ந்துவிடும், 916 தங்கம் மிருது இல்லையா. காதுக்கும் திருகுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விடச் சொன்னார், ஒட்ட இறுக்கினால் காற்று போகாமல் புண்ணாகும். கனமான ஜிமிக்கிக்கு மாட்டல் போட்டால் பாரம் கொஞ்சம் முடிக்குப் போகும், அதை அழகுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். தங்கச்சி மகளுக்குப் போன வாரம்தான் காது குத்தியது, பட்டாம்பூச்சி அடைப்பு போட்ட குட்டித் தோடு. ஆறு வாரத்துக்கு அதைக் கழற்றாதீங்க, கழுவாத கையால் தொடாதீங்க என்று அவளுக்குத் தனியாகத் திட்டு.

குறை இல்லாமல் இல்லை. கார்டு வாங்க மாட்டார், காலையில் எத்தனை மணிக்குத் திறப்பார் என்பது அவருக்கே வெளிச்சம், நாலு பேர் வந்தால் வெயிலில்தான் நிற்கணும். அந்தத் தெருவில் கார் நிறுத்த இடம் தேடுவது தனி வேதனை, பஸ்ஸில் போங்கள். கழற்றி, பல் விளக்கும் பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்துக் கொடுத்ததற்கு 15 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார். ஒரு பக்கத்து ஆணி தேய்ந்திருக்கிறது, புதுசு செய்தால் அன்றைய தங்க விலையும் கூலியும் ஆகும் என்றார், ஆனால் அவசரம் இல்லை, ஆபரேஷன் முடிந்து வாங்க என்று அனுப்பிவிட்டார். அம்மா வழி முழுக்க வெறும் காதைத் தடவிக்கொண்டே வந்தார்.