புரோபயாட்டிக்கா, நார்ச்சத்தா, ஸ்டாட்டினா? எல்டிஎல் குறைய எதுக்கு எவ்ளோ பவர்

கெட்ட கொலஸ்ட்ரால்னு சொல்ற எல்டிஎல் கூடிருச்சுன்னு ரிப்போர்ட் வந்ததும் "கொலஸ்ட்ரால் குறைக்குற ஸ்டாட்டின் மாத்திரை வேணாம், நல்ல பாக்டீரியா இருக்குற புரோபயாட்டிக் கேப்ஸ்யூல் போட்டா சரியாகிடுமாமே"ன்னு கேக்குறவங்க நிறைய பேர். சரியாகுமான்னு கேட்டா, கொஞ்சம் குறையும், ஆனா எதோட கம்பேர் பண்றோம்ங்கிறதுலதான் விஷயமே இருக்கு.

முதல்ல குடல்ல என்ன நடக்குதுன்னு பாத்துடலாம். கல்லீரல் கொலஸ்ட்ராலை வச்சுத்தான் பித்த அமிலம் தயாரிக்குது, அது குடலுக்கு வந்து கொழுப்பை செரிக்க வைக்குது, வேலை முடிஞ்சதும் சுமார் 95% சிறுகுடலோட கடைசிப் பகுதியில உறிஞ்சப்பட்டு திரும்ப கல்லீரலுக்கே போயிடும். சில லாக்டோபேசில்லஸ், பிஃபிடோ வகை பாக்டீரியாக்கள்ட்ட பித்த அமிலத்துல ஒட்டியிருக்குற கிளைசின், டாரின்ங்கிற சின்னத் துண்டை வெட்டி விடுற ஒரு என்சைம் இருக்கு. வெட்டுப்பட்டது அவ்ளோ ஈசியா உறிஞ்சப்படாது, அதனால மலத்தோட வெளிய போறது கூடும். இப்ப கல்லீரலுக்கு ஸ்டாக் குறையுது, புதுசா பித்தம் செய்ய கொலஸ்ட்ரால் வேணும், உடனே தன் மேல இருக்குற, எல்டிஎல்லை பிடிக்குற ரிசெப்டரை கூட்டி ரத்தத்துல இருந்து இழுத்துக்கும். இது போக சில பாக்டீரியா கொலஸ்ட்ராலை தன் உடம்புலயே சேத்துக்கும்னும் சொல்றாங்க, 1985லயே லேப்ல அதை காட்டிட்டாங்க, ஆனா டெஸ்ட் டியூப்ல நடக்குறதெல்லாம் குடல்லயும் அதே அளவுக்கு நடக்கணும்னு எந்த கட்டாயமும் கிடையாது.

இப்ப நார்ச்சத்தைப் பாருங்க. ஓட்ஸ்ல இருக்குற பீட்டா குளுக்கன், அப்புறம் இசப்கோல், ரெண்டுமே குடல்ல ஜெல் மாதிரி ஆகி பித்தத்தை பிடிச்சு வெளிய தள்ளுது. கொலஸ்டிரமைன்னு ஒரு பழைய மருந்துக்கும் அதே வேலைதான். 1984ல வந்த ஒரு ட்ரையல்ல 3,806 ஆண்களை சராசரியா 7 வருஷத்துக்கு மேல ஃபாலோ பண்ணாங்க, கொலஸ்டிரமைன் குடிச்சவங்களுக்கு மாரடைப்பும் இதய நோய் மரணமும் சேத்து 19% குறைஞ்சுச்சு. அதாவது பித்தத்தை வெளியேத்துற ரூட்டு இதயத்துக்கு நிஜமாவே உதவும்னு நிரூபணம் இருக்கு, ஆனா அந்த நிரூபணம் அந்த மருந்துக்கு, பாக்டீரியாவுக்கு இல்ல. புரோபயாட்டிக் சாப்பிட்டு மாரடைப்பு குறைஞ்சுச்சுன்னு காட்டுன பெரிய ட்ரையல் எதுவும் கிடையாது.

நம்பர் பேசலாம். புரோபயாட்டிக்ல ரொம்ப நல்லா ஸ்டடி பண்ணது லாக்டோபேசில்லஸ் ரியூட்டெரி என்சிஐஎம்பி 30242ங்கிற ஸ்ட்ரெயின், அதாவது ஒரே இனத்துக்குள்ள வர்ற ஒரு தனி ரகம். 2012ல வந்த ரிசல்ட்டுல 9 வாரம் கேப்ஸ்யூல் எடுத்தவங்களுக்கு பிளசிபோங்கிற வெத்து மாத்திரை எடுத்தவங்களை விட எல்டிஎல் சுமார் 11.6% குறைஞ்சுது, இதே ஸ்ட்ரெயினை யோகர்ட்ல கலந்து குடுத்த இன்னொரு ட்ரையல்ல கிட்டத்தட்ட 9%. நல்ல கொலஸ்ட்ரால்னு சொல்ற எச்டிஎல், ட்ரைகிளிசரைடு எதுவும் பெருசா அசையல. இதுவே பெஸ்ட் கேஸ்தான், எல்லா ஸ்ட்ரெயினையும் சேத்துப் பாத்தா சராசரி இதை விட கம்மியாத்தான் வரும். நார்ச்சத்து எடுத்தா, தினம் 3 கிராம் பீட்டா குளுக்கனுக்கோ 7 கிராம் இசப்கோல் நாருக்கோ ஏறக்குறைய 5ல இருந்து 7%. செடியில இருக்குற கொலஸ்ட்ரால் மாதிரிப் பொருளான பிளான்ட் ஸ்டெரால் 2 கிராமுக்கு 7ல இருந்து 10%, அது பித்தத்தை தொடாது, கொலஸ்ட்ரால் உள்ள போறதையே தடுக்கும். மிதமான டோஸ் ஸ்டாட்டின்னா 30ல இருந்து 50%க்குள்ள, ஹை டோஸ்னா அதுக்கும் மேல.

உங்க எல்டிஎல் 160னு வைங்க. நல்ல புரோபயாட்டிக் வேலை செஞ்சா 142 பக்கம் வரும், ஸ்டாட்டின் 40% குறைச்சா 96. ஸ்டாட்டினோட போட்டி போடுற பொருளே இல்லங்க இது, இதோட நேரடி போட்டி நார்ச்சத்துதான், ரெண்டும் ஒரே ரூட்டுல ஓடுது. அந்தப் போட்டியில என் ஓட்டு நார்ச்சத்துக்கு. பாக்கெட்டுல எவ்ளோ கிராம்னு போட்டிருக்கும், அளந்து சாப்பிடலாம், பாக்டீரியா உயிரோட இருக்கா செத்துடுச்சான்னு டென்ஷன் இல்ல, மலச்சிக்கலுக்கும் நல்லது. புரோபயாட்டிக்ல லேபிள்ல வெறும் லாக்டோபேசில்லஸ்னு மட்டும் போட்டிருந்தா அதுல ஒண்ணுமே தெரியாது, கடைசியில வர்ற ஸ்ட்ரெயின் நம்பர்தான் முக்கியம், ஒரே இனத்துலயே ஒண்ணு பித்தத்தை வெட்டுற அந்த என்சைமை நல்லா சுரக்கும், இன்னொண்ணு சும்மா இருக்கும். போதாததுக்கு 2020ல லாக்டோபேசில்லஸ் குடும்பத்தையே பிரிச்சு 23 புது பேர் வச்சுட்டாங்க, ரியூட்டெரி இப்ப லிமோசிலாக்டோபேசில்லஸ், பழைய லேபிளையும் புது லேபிளையும் பாத்தா வேற வேற பாக்டீரியா போல தெரியும்.

இன்னொண்ணு, கேப்ஸ்யூல்ல வர்ற பாக்டீரியா பெரும்பாலும் குடல்ல நிரந்தரமா குடியேறாது, நிறுத்தினா கொஞ்ச நாள்ல கிளம்பிடும், அதனால பலன் வேணும்னா தொடர்ந்து எடுக்கணும். வெட்டுப்பட்ட பித்த அமிலம் பெருங்குடல்ல அதிகமா சேந்தா நல்லதில்லையோங்கிற கவலையும் ஆராய்ச்சியில இருக்கு.

ஸ்டாட்டின் போட்டா உடம்பு வலிக்குதுன்னு நிறுத்திட்டு புரோபயாட்டிக்குக்கு மாறுறவங்களும் இருக்காங்க. 2020ல ஒரு சின்ன ட்ரையல்ல, ஸ்டாட்டினால கஷ்டப்பட்டு நிறுத்துனவங்களுக்கே மாசம் மாத்தி மாசம் ஸ்டாட்டினும் வெத்து மாத்திரையும் குடுத்துப் பாத்தாங்க, தொந்தரவுல 90% வெத்து மாத்திரையிலயும் வந்துச்சு. அதனால வலிச்சா டாக்டர்ட்ட டோஸ் குறைக்கவோ வேற ஸ்டாட்டின் மாத்தவோ கேளுங்க. ஏற்கனவே மாரடைப்பு வந்தவங்க, குடும்பத்துலயே பரம்பரையா எல்டிஎல் 190க்கு மேல இருக்குறவங்க ஸ்டாட்டின் மாத்திரைக்கு பதிலா புரோபயாட்டிக் கேப்ஸ்யூலை யோசிக்கவே வேணாம். எதிர்ப்பு சக்தி ரொம்ப குறைஞ்சவங்க டாக்டர்ட்ட கேக்காம உயிருள்ள பாக்டீரியா எடுக்கக்கூடாது. 130, 140 பக்கம் இருந்து வேற ரிஸ்க் எதுவும் இல்லாதவங்க முதல்ல நார்ச்சத்தை ரெண்டு மூணு மாசம் ஒழுங்கா எடுத்து திரும்ப டெஸ்ட் பாருங்க, அப்புறமும் ஆசை இருந்தா ஸ்ட்ரெயின் நம்பர் போட்ட புரோபயாட்டிக்கை அதோட சேத்துக்கலாம், ஆனா ரெண்டையும் ஒரே நாள்ல ஆரம்பிச்சா எது குறைச்சுதுன்னு தெரியாமலே போயிடும்.