நகராட்சி நாய்க் கருத்தடை மையம்: இரண்டு முறை சென்று பார்த்த அனுபவம்

எங்கள் தெருவிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு பெண் நாய்களுக்கு, சென்ற ஆண்டு ஒன்றும் இந்த ஆண்டு ஒன்றுமாக, நகராட்சி நடத்தும் மையத்தில் கருத்தடை அறுவைச் சிகிச்சை நடந்தது. முதல் நாயை நகராட்சி வண்டியில் வந்தவர்கள் வலைபோட்டுப் பிடித்துச் சென்றார்கள்; இரண்டாவதை நானே ஆட்டோவில் கொண்டுபோய் விட்டேன். இரண்டு முறையும் உள்ளே வெகுநேரம் இருந்து பார்க்க மருத்துவர் அனுமதித்தார். ஊரின் பெயரை நான் எழுதவில்லை. இங்கே குறையாகச் சொல்லப்போகிறவை அங்கே வேலை செய்கிறவர்களின் தலையில் விழுந்துவிடக் கூடாது என்பதே காரணம்.

அறுவைச் சிகிச்சையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றி, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மயக்கம் தெளிவதற்குள் காது நுனியில் அடையாள வெட்டும் இடுகிறார்கள். இரண்டு நாய்களுக்குமே தையல் புண் சீழ் பிடிக்காமல் ஆறியது. இதற்குக் கட்டணமாக எதுவும் வாங்குவதில்லை. மருத்துவர் ஒருவர், உதவியாளர் ஒருவர், நாய் பிடிப்பவர்களும் கூண்டு கழுவுகிறவர்களுமாக ஒப்பந்தப் பணியாளர்கள் நால்வர் ஆகியோர் மட்டுமே ஊர் முழுவதற்கும் இந்த வேலையைச் செய்கிறார்கள் என்பதை நினைத்தால், அறுவை அறைக்குள் அவர்கள் காட்டும் கவனம் மதிக்கத்தக்கது.

கவலை தருவது கூண்டுப் பகுதிதான். புதிதாகப் பிடித்துவந்த நாய்களும் அறுவை முடிந்து தேறிவரும் நாய்களும் ஒரே வரிசையில் அடுத்தடுத்த கூண்டுகளில் இருக்கின்றன. ஒன்றைக் கழுவிய தண்ணீர் அடுத்ததன் வழியாகவே வடிகாலுக்கு ஓடுகிறது. நாய்களுக்குக் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் பார்வோ வைரஸ், நோயுற்ற நாயின் மலத்தில் வெளியேறி, தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. குட்டிகளுக்கு அது வந்து உரிய சிகிச்சை கிடைக்காவிட்டால் பிழைப்பது அரிது. சாதாரணக் கிருமிநாசினிகள் பலவற்றுக்கு அது அடங்குவதில்லை. பிளீச்சிங் கரைசலுக்கு அடங்கும். நான் சென்ற முதல் முறை அங்கே இருந்தது பினாயில் மட்டுமே. பிளீச்சிங் பவுடர் கேட்டு எழுதிய கடிதத்தின் நகலை மருத்துவர் எடுத்துக் காட்டினார். இரண்டாம் முறை ஒரு மூட்டை வந்திருந்தது. அதை வாங்கிக் கொடுத்தவர் அருகில் இருக்கும் மளிகைக்கடைக்காரர்.

இத்தனை சிறிய பொருளுக்கு ஏன் இந்தத் திண்டாட்டம் என்று கேட்டபோது கிடைத்த விளக்கம்தான் இந்த மதிப்பீட்டை எழுதத் தூண்டியது. மையத்துக்கு வரும் பணம் முடித்த அறுவைச் சிகிச்சைகளின் எண்ணிக்கைப்படி வருகிறது. அகற்றிய உறுப்புகளைப் பாதுகாத்து வைத்து, கண்காணிப்புக் குழு வந்து எண்ணிப் பார்த்தபின் கணக்கு முடிக்கப்படுகிறது. பொய்க்கணக்கைத் தடுக்க இது நல்ல ஏற்பாடு. இதை நான் குறைகூற மாட்டேன். ஆனால், காய்ச்சல் வந்து பத்து நாள் கூடுதலாகத் தங்கும் நாய்க்கு, வண்டி மோதிக் கால் முறிந்து வரும் நாய்க்கு, தாயை இழந்து அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகப்படும் குட்டிகளுக்கு அந்தக் கணக்கில் எந்தப் பத்தியும் இல்லை. அவற்றின் சோறும் மருந்தும் மற்ற நாய்களுக்கான தொகையிலிருந்தே எடுக்கப்படுகின்றன. மாதக் கடைசியில் சோற்றோடு சேரும் கோழித்துண்டுகள் குறைவதை நானே பார்த்தேன்.

2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், கூண்டுகளையும் வண்டிகளையும் அறுவை அரங்கையும் அமைத்துத் தரும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்பிடமே ஒப்படைக்கின்றன. குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்குமே இழுத்துப்பிடித்துச் செலவு செய்யும் நகராட்சியில் நாய்க்கூண்டு எப்போதும் கடைசி வரிசைக்குப் போய்விடுகிறது. இந்நிலையில்தான், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் உள்ள நாய்களைப் பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் முடித்தபின் அதே இடத்தில் விடாமல் காப்பகத்தில் வைக்க வேண்டும் என்று 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சில நாள் தங்குவதற்கென்று கட்டிய கூண்டில் ஒரு நாயை அதன் ஆயுள் முழுதும் வைத்திருப்பது முற்றிலும் வேறு வேலை. அதற்கு நடமாட இடமும் நிழலும் நாள்தோறும் சோறும் இரவுக்காவலும் வேண்டும். இவற்றுக்குத் தனியாகப் பணம் ஒதுக்காமல் நாய்களை மட்டும் அனுப்பினால், இப்போது ஒழுங்காக நடக்கும் அறுவைப் பணிக்கும் கூண்டு கிடைக்காமல் போகும் என்று அஞ்சுகிறேன்.

எனக்கு நேர்ந்த ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். பிடித்த இடத்திலேயே நாயைத் திரும்ப விடுவதுதான் பொதுவிதி. எங்கள் முதல் நாயின் கழுத்தில் கட்டியிருந்த அட்டை தண்ணீரில் ஊறி எழுத்து அழிந்துவிட்டதால், அதை வேறொரு தெருவில் இறக்கிவிட்டார்கள். இரண்டு நாள் தேடிக் கண்டுபிடித்தபோது, அந்தத் தெரு நாய்கள் கடித்துக் குதறியிருந்த காதோடு ஒரு லாரிக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தது. எண் பொறித்த பிளாஸ்டிக் பட்டைகள் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அவற்றுக்கும் எழுதிக் கேட்டிருக்கிறார்களாம்.

இத்தனைக்குப் பிறகும் உங்கள் தெரு நாயை இத்தகைய மையத்துக்கு அனுப்பலாம் என்றே சொல்வேன். முடிந்தால் நீங்களே கொண்டுபோய் விடுங்கள். இரண்டாம் முறை நான் அப்படிச் செய்ததால் காத்திருக்கும் நாட்கள் குறைந்தன. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளைக் கண்டிப்பாக அங்கே விடாதீர்கள். நாயின் இரண்டு பக்கமும் தெரியுமாறு படம் எடுத்து, தெருப்பெயரோடு பதிவேட்டில் எழுதச் செய்து, அந்தப் பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விடுவிக்கும் நாளன்று நேரில் செல்லுங்கள். போகும்போது பழைய சாக்குகளும் ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரும் கொண்டுபோனால் அன்றே பயன்படும். உங்கள் வார்டு உறுப்பினரைப் பார்க்கும்போது, எத்தனை நாய்களுக்கு அறுவை நடந்தது என்பதோடு நிறுத்தாமல், ஒரு நாய் ஒரு நாள் தங்குவதற்கு நகராட்சி எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது என்றும் கேளுங்கள். நான் கேட்டபோது எங்கள் வார்டு உறுப்பினரிடம் பதில் இல்லை. அடுத்த மன்றக் கூட்டத்தில் எழுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.